தட்டைப்பயற்றின் வேரில்

பணி மாறுதலில் அந்த நடுநிலைப் பள்ளிக்கு நான் போனபோது தோட்டத்தின் பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம் இருந்தது. பலகைக்குப் பின்னால் ஐந்து சென்ட் நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம். சிவகங்கைப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தில் முதலில் குடியேறுவது அந்த மரம்தான்.

பழைய தோட்டம் ஏன் அழிந்தது என்று விசாரித்தேன். எல்லாரும் தண்ணீரைச் சொன்னார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா மட்டும், "ஜனவரியில் நட்டார்கள் டீச்சர். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் திட்டம் போட்டோம். முருங்கை தவிர, கோடை விடுமுறையைத் தாண்டி நிற்க வேண்டிய எதையும் நடுவதில்லை. ஜூனில் நிலம் திருத்தி, ஆடியில் விதைத்து, அரையாண்டுத் தேர்வுக்குள் அறுவடையை முடித்துவிடுவது. கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், பெற்றோர் சிலர் கடப்பாரையோடு வந்து வேரோடு தோண்டி எடுத்தார்கள். அரிசி களைந்த நீரையும் குழாயடி நீரையும் வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும்வரை அதுதான் பாசனம்.

நான் தக்காளி போட நினைத்திருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பத்தா மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, "முதலில் தட்டைப்பயறு போடுங்கள் டீச்சரம்மா. பயறு போட்ட மண் அடுத்த வெள்ளாமைக்கு ஆகும்" என்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை எடுத்தவர். அன்றைய அறிவியல் வகுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். இத்தனை ஆண்டுப் பணியில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் அலசினோம். வேர் நெடுகக் கடுகு போலவும் மிளகு போலவும் முடிச்சுகள். இந்த முடிச்சுகளுக்குள் வாழும் பாக்டீரியாவின் பெயர் ரைசோபியம் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். முடிச்சைக் கையில் எடுத்துக் காட்டியதில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இரத்தம் போல இருக்கிறது" என்றான். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைத் தரும் பொருள் நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுதான். முடிச்சு சிவந்திருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று பொருள். பச்சையாகவோ சாம்பலாகவோ மாறிவிட்டால் வேலை நின்றுவிட்டது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆளுக்கொரு முடிச்சைக் கிள்ளிவிட்டார்கள். பயறு பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட வேண்டும் என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டு நின்றவன் அந்தப் பையன்தான்.

அடுத்த ஆடியில் அதே பாத்தியில் வெண்டை. செழிப்பாக வந்தது. ஆனால் சில செடிகளில் இலை நரம்பு மஞ்சளாகத் தொடங்கியது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. பிடுங்கச் சொன்னபோது இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். அவர்களை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவர்களே பிடுங்கினார்கள், பதினொரு செடிகள். பிறகு டின் மூடிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிக் குச்சிகளில் கட்டினோம். மஞ்சளைத் தேடி வரும் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் வந்ததும் மூடிக்கு எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுவது ஆறாம் வகுப்பின் பொறுப்பு.

மிஞ்சிய செடிகளின் காய் பலமுறை சாம்பாருக்குப் போனது. நோய் தொடாத ஒரு செடியில் நான்கு காய்களை முற்றவிட்டு, துணியில் முடிந்து, சமையலறை ஆணியில் அக்கா மாட்டி வைத்திருக்கிறார். மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டித்தான் இருக்கும். அந்த முடிச்சுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை.