பெரியம்மாவுக்கு ஒரு வாட்டர்கலர் படம்

ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் கேலரிக்குள் போனால் வாட்டர்கலர் என்ற பெயரிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. முகத்துக்கு அதைப் போடாதீர்கள். நிழல் விழுந்த இடத்தையெல்லாம் இன்னும் கறுப்பாக்கிவிடும். ஷேடோ இன்டென்சிட்டியைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அப்படித்தான். சிவந்த நிறம் என்றால் ஏதோ ஒப்பேற்றிவிடலாம். என் பெரியம்மா மாதிரி நல்ல கறுப்பு என்றால் மூக்கும் கன்னமும் ஒன்றாகி, நடுவில் இரண்டு கண் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும்.

பெரியம்மா சத்துணவு அமைப்பாளர். இந்த வருடம் பணி ஓய்வு. பிரிவு உபசார விழாவுக்குப் பெரிய படமாகப் பிரேம் போட்டுக் கொடுக்கவேண்டும், அதுவும் வாட்டர்கலரில் வரைந்த மாதிரி இருக்கவேண்டும் என்று அவர் மகள், என் அக்கா, முடிவு செய்துவிட்டாள். நான் கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறவன். வேலை என் தலையில் வந்து விழுந்தது. எல்லாம் பேசி முடித்து போனை வைக்கும்போது, "தம்பி, அம்மாவக் கொஞ்சம் கலராக் காட்டுடா" என்றாள்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆல்பம் வேலையில் தினமும் நாங்கள் செய்வதே இதுதான். பொண்ணு மாப்பிள்ளை முகத்தில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்கே போவோம். யாரும் கேட்பதுகூடக் கிடையாது. ஏற்றாமல் கொடுத்தால்தான் கேட்பார்கள். இந்தக் கதை நம்மோடு தொடங்கியதும் இல்லை. பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் முகம் எப்படி வந்தால் என்ன?

வாட்டர்கலர் பாடங்களிலும் அதே கதைதான். யூடியூபில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் மாடல் வெளிர்நிறத்தவர். நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு எல்லாவற்றையும் வெறும் காகிதமாக விட்டுவிட்டு, கண்ணையும் முடியையும் உதட்டையும் மட்டும் வண்ணத்தில் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு அது பொருந்தும், ஏனென்றால் காகிதத்தின் நிறமும் தோலின் நிறமும் பக்கத்துப் பக்கத்தில். அதே வழியில் பெரியம்மாவை வைத்துச் செய்தால், அக்கா கேட்டது கேட்காமலே கிடைத்துவிடும். படத்தில் இருப்பவர் மட்டும் வேறு யாராவதாக இருப்பார்.

ஆக, கறுப்பு முகத்துக்குக் கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். முகம் முழுக்க வண்ணம், காகிதம் வேறெங்காவது.

முதலில் போட்டோ. அக்கா அனுப்பியதில் பாதி, போனின் அழகுபடுத்தும் வசதி ஏற்கெனவே வெளுத்து வழவழப்பாக்கியவை. அதில் நிழலே மிச்சமில்லை. நிழல் இல்லாத முகத்தை வாட்டர்கலராக்க முடியாது. கடைசியில் பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் யாரோ எடுத்த ஒன்று கிடைத்தது. இடது பக்கம் ஜன்னல். பெரியம்மா அளவுக் குறிப்பேட்டில் எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்திருக்கிறார். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் பாதி நிழல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கினேன். ஏ3 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். போன் படம் அதைவிடச் சிறியதுதான், ஆனால் இந்த மாதிரி வேலைக்கு அது பெரிய குறை இல்லை. எப்படியும் நுணுக்கத்தையெல்லாம் அழிக்கத்தானே போகிறோம்.

அப்புறம், தொட்ட இடத்தின் நிறத்தைக் காட்டும் ஐட்ராப்பரை எடுத்து முகத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தேன். இதை நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். கறுப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற முகத்தில் கறுப்பு எங்குமே இல்லை. ஜன்னல் பக்கம் நெற்றி மினுங்கும் இடம் நீலம் கலந்த சாம்பல், வெளியே இருந்த வானத்தின் நிறம். மூக்கின் ஓரம் செங்கல். தாடைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்துக்குப் பக்கத்தில் வருகிறது. கையால் வரைகிறவர்கள் இந்த மாதிரித் தோலுக்கு பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் உயிருள்ள அடர் பழுப்பு வரும், டியூபிலிருந்து பிதுக்கிய கறுப்பு அந்த இடத்தில் செத்துப்போய்க் கிடக்கும். ஸ்கிரீனிலும் அதே கலவையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஃபில்டரைப் பின்னால் மாற்ற வசதியாகப் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி மீடியன் ஃபில்டர் போட்டேன். தோலின் துவாரங்கள், சிறு மருக்கள் எல்லாம் அடங்கி, வெளிச்சமும் நிழலும் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும். பிறகு செலக்ட் மெனுவில் கலர் ரேஞ்ச். அதில் ஹைலைட்ஸ், மிட்டோன்ஸ், ஷேடோஸ் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. மிட்டோனுக்கு சியன்னா, ஷேடோவுக்கு அல்ட்ராமரைன் சேர்ந்த ஊதா, இவற்றுக்கு அடியில் முகம் முழுக்க மஞ்சள் காவியில் ஒரு மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிறம் நிரப்பிய லேயர், அதாவது படத்தின் மேல் விரித்த தாள் மாதிரி. வண்ணம் எங்கே தெரியவேண்டும் என்பதை வரையறுக்கும் மாஸ்க்கோடு, மல்டிப்ளை மோடில். ஈரம் காய்ந்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் ஏற்றுவதற்கு மல்டிப்ளைதான் நெருக்கமான மாற்று. கீழே இருப்பது மேலே தெரியும். அதற்கும் மேலே, ஜன்னல் பக்கம் மட்டும், மெல்லிய நீலச் சாம்பல். நெற்றியை வெள்ளையாக விடாமல் மினுங்க வைத்தது இந்த ஒரு லேயர்தான்.

இதோடு விட்டால் போஸ்டர் மாதிரி இருக்கும். வாட்டர்கலர் என்று கண் நம்புவது ஓரத்தைப் பார்த்துத்தான். தண்ணீர் வண்ணம் காயும்போது ஓரம்தான் முதலில் காயும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது நிறத் துகளையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் திட்டின் விளிம்பில் ஒரு அடர் கோடு. மேஜையில் சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை 1997இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், வாட்டர்கலர் நகரும் விதத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு வரையும் முறையை கேசிடி கர்ட்டிஸும் சகாக்களும் சிக்கிராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மாநாட்டில் வெளியிட்டதும் அதே 1997இல்தான். அதிலும் ஓரம் அடர்வதற்குத் தனிக் கணக்கு உண்டு.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பிரஷ் செட்டிங்ஸ் பேனலில் கீழே வெட் எட்ஜஸ் என்று ஒரு டிக் பெட்டி பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் கோட்டின் நடு மெலிந்து ஓரம் அழுத்தமாகும். கரடுமுரடான பிரஷ் ஒன்றில் அதைப் போட்டு, மூன்று மாஸ்க்குகளின் விளிம்புகளையும் கையாலேயே மறுபடி வரைந்தேன். நேரம் முழுக்க இங்கேதான் போனது. எந்த விளிம்பு கூராக நிற்கவேண்டும், எது ஈரத்தில் கரைந்து போகவேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யவேண்டும். மூக்கின் நிழல் கூர். கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குவது கரைசல். கண்ணிமையில் கறுப்புக்குப் பதிலாக அடர் பழுப்பில் ஒரு சின்னக் கோடு. மூக்குத்திக் கல்லுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

வேறெங்கும் இல்லாத காகிதம் முடியில் கிடைத்தது. பெரியம்மா டை அடிப்பதை நிறுத்தி நாளாகிறது. காதோரம் நரைத்த பகுதியை ஒன்றும் செய்யாமல் வெற்றுக் காகிதமாகவே விட்டுவிட்டேன். முகம் இருண்டிருப்பதால் அந்த வெள்ளை பளிச்சென்று எழுந்து நிற்கிறது. வெளிர்நிற மாடலுக்கு இந்தச் சுகம் கிடைக்காது! சுங்குடிச் சேலையைத் தோளுக்குக் கீழே ஊதாக் கறையாகக் கரைத்துவிட்டு, புள்ளிகள் சிலவற்றை மட்டும் காட்டினேன்.

தெறிப்புகளுக்கு இணையத்தில் இலவச பிரஷ்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் எல்லார் படத்திலும் அதே தெறிப்பு. பையனின் கேமல் வாட்டர்கலர் டப்பாவை வாங்கி, கைக்காகிதத்தில் உதறி, ஸ்கேன் செய்து என் சொந்தத் தெறிப்பை உண்டாக்கிக்கொண்டேன். அந்தக் காகிதத்தின் சொரசொரப்பையே மல்டிப்ளையில் மேல் லேயராகவும் போட்டாயிற்று. ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள் கிம்ப் என்ற மென்பொருளில் ஜிமிக் என்ற இலவசச் செருகியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் குவஹாரா ஃபில்டர், மீடியனைவிட அழகாகத் திட்டுப் பிரிக்கும். ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் வருமே என்பவர்களுக்கு: கேட்டேன். அழகான படம் வந்தது. மூக்கு மட்டும் எங்கள் குடும்பத்து மூக்கு இல்லை.

பிரிண்ட்தான் கடைசித் தலைவலி. ஊதாவும் நீலமும், அச்சு மையின் நான்கு நிறக் கணக்கான சிஎம்ஒய்கேயில் சுருதி இறங்கும். கண்ட்ரோல் ஒய் அழுத்தி, அச்சில் எப்படி வரும் என்று ப்ரூஃப் பார்த்தபோது தாடை நிழல் மண்ணாகத் தெரிந்தது. அங்கே ஊதாவைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டி, மேட் பேப்பரில் எடுத்தேன். பளபளப்புப் பேப்பரில் இது எடுபடாது.

அக்கா பிரேமைப் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு, ஒரு பொட்டு கலர் ஏத்தியிருக்கலாம்" என்றாள். பெரியம்மாவோ சேலையைத்தான் பார்த்தார். அது கத்தரிப்பூக் கலர், நான் வேறென்னவோ ஆக்கிவிட்டேனாம். சிஎம்ஒய்கே பற்றி விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விழாவுக்கு வந்திருந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் மறுநாளே போன் செய்து, கல்யாண ஆல்பத்துக்கு இதே மாதிரி வேண்டும், ஆக்‌ஷன் ஃபைல் இருந்தால் அனுப்பு என்றார். செய்த படிகளைப் பதிவு செய்து அடுத்த படத்தில் தானாக ஓட்டும் கோப்பு அது. காகிதம், தெறிப்பு, மூன்று லேயர் வரைக்கும் ரெக்கார்ட் செய்து அனுப்பியிருக்கிறேன். நெற்றியின் நீலச் சாம்பலையும் விளிம்புகளையும் ஒவ்வொரு முகத்துக்கும் அவரேதான் வரையவேண்டும். மாப்பிள்ளை முகத்தில் கர்வ்ஸைத் தொடாமல் ஆக்‌ஷனை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். செய்வாரா தெரியாது.