வேலியோரம் ஒரு ஆடிட்

இயற்கை விவசாய சான்றிதழ் வேலையில சேர்ந்த புதுசுல எனக்கு எல்லாமே பேப்பர்தான். விதை வாங்கின பில் இருக்கா, ரசாயன மருந்து பூசாத விதையா, தெளிப்பான் சொந்தமா இல்ல பக்கத்துல இரவலா (இரவல் தெளிப்பான்ல ஒட்டியிருக்கிற பழைய மருந்தால மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர்), நிலத்தோட அளவுக்கு இவ்வளவு விளையுமா, வித்த கணக்கும் விளைஞ்ச கணக்கும் ஒத்துப்போகுதா, இதையெல்லாம் பாத்து டிக் போட்டுட்டு அடுத்த வயலுக்கு ஓடிடுவேன். ஒரு நாளைக்கு நாலு வயல் முடிச்சா நல்லா வேலை பாத்ததா நினைப்பு.

அந்த நினைப்பை உடைச்சது ஒரு அம்மாவோட வயல்தான். மூணு ஏக்கர், காய்கறியும் பயறும். மாற்று காலத்துல ரெண்டாவது வருசம். மாற்று காலம்னா, ரசாயனத்தை நிறுத்தின உடனே சான்றிதழ் கிடைச்சுடாது, ஐரோப்பிய விதிப்படி ஒரு பருவப் பயிருக்கு விதைக்கிறதுக்கு முன்னாடி 2 வருசம், மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி 3 வருசம், அமெரிக்க விதின்னா எந்தப் பயிரா இருந்தாலும் அறுவடைக்கு முன்னாடி 3 வருசம் தடை பண்ணின எதுவும் அந்த மண்ணுல விழுந்திருக்கக் கூடாது. இந்த இடைப்பட்ட காலம்தான் ரொம்ப கொடுமை, விளைச்சல் குறையும், விலை மட்டும் சாதாரண விலைதான் கிடைக்கும். அந்த அம்மா அதையெல்லாம் தாங்கிட்டு கரைக்கு வர்ற நேரம், நான் கிழக்கு ஓரத்துல எடுத்த இலை மாதிரியில பூச்சிமருந்து எச்சம் வந்துடுச்சு.

அவங்க அடிக்கல. எனக்கு நல்லாத் தெரியும், கணக்கு நோட்டுல அவ்வளவு சுத்தம். பக்கத்து வயல்காரர் காத்து அடிக்கிற சாயங்காலத்துல விசைத்தெளிப்பான் போட்டிருக்கார், அது வரப்பு தாண்டி வந்திருக்கு. ஆனா சான்றிதழ் குடுக்கிற இடத்துல, அந்த ஓரப் பட்டைக்கு மட்டும் மாற்று காலம் மறுபடி முதல்ல இருந்துன்னு முடிவு பண்ணினாங்க. அதுக்கான ரிப்போர்ட் எழுதினது நான். முடிவைச் சொல்லப் போனதும் நானே.

"நான் அடிக்காத மருந்துக்கு நான் எதுக்கு தம்பி காத்துக்கிடக்கணும்?"

இந்த முடிவுல யாரு தப்புன்னு பாக்கல, விளைஞ்ச பொருள்ல என்ன இருக்குன்னுதான் பாத்தாங்க, வாங்குறவங்களுக்குக் குடுத்த வாக்கு அதும்மான்னு சொன்னேன். சொன்னது சரிதான். ஆனா அடிச்சவருக்கு ஒரு நஷ்டமும் இல்லாம அடிக்காதவங்க தலையில முழு பாரமும் விழறது அநியாயம்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு, இன்னிக்கும் அப்படித்தான் தோணுது.

அவங்க சண்டைக்குப் போகல. பக்கத்து வயல்காரர்கிட்ட பேசி, காத்து இல்லாத காலை நேரத்துல மட்டும் அடிங்கண்ணேன்னு கேட்டுக்கிட்டாங்க, கிழக்கு ஓரம் முழுக்க உயிர்வேலி வச்சாங்க. உயரமா போற மரக்கன்னு ரெண்டு வரிசை, இடையில பூக்கிற புதர்ச்செடி. ஒன்றரை வருசம் கழிச்சு நான் போனப்போ என் தலைக்கு மேல நின்னுச்சு. செக்லிஸ்ட்ல அதுக்கு ஒரே ஒரு கட்டம்தான், "தடுப்பு வேலி: உண்டு / இல்லை". உண்டுன்னு டிக் போட்டுட்டுத் திரும்பினேன்.

"டிக் போட்டுட்டீங்க, உள்ள பாத்தீங்களா தம்பி?"

ஒரு கிளையை வளைச்சு இலையோட அடிப்பக்கத்தைக் காட்டினாங்க. முடி மாதிரி மெல்லிசான காம்பு ஏழெட்டு, ஒவ்வொண்ணோட நுனியிலயும் வெள்ளையா ஒரு முட்டை. பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்டை. எறும்பு தின்னுடக் கூடாதுன்னு அது காம்பு மேல தூக்கி வைக்குது, பொரிச்சு வர்ற புழுவுக்கு, செடியில சாறு உறிஞ்சுற அசுவினின்னா உயிர். பயிற்சியில படமா பாத்திருக்கேன், நேர்ல அன்னிக்குதான். பக்கத்துலயே பொறிவண்டு புழு, பூவுல உட்காந்திருந்த குட்டிக் குளவிங்க. அந்துப்பூச்சி முட்டைக்குள்ளயே தன் முட்டையை வைக்கிற ஒட்டுண்ணி குளவிக்கு வளர்ந்தப்புறம் தேன் வேணும், வயல்ல வெறும் பயிர் மட்டும் இருந்தா அது எங்க போய் குடிக்கும்? நஞ்சைத் தடுக்கத்தான் அந்த வேலியை வச்சது, பூச்சிக்கு எதிரா வேலை செய்ற கூட்டம் பூரா அதுக்குள்ளதான் குடியிருக்கு.

அவங்க நோட்டுல இது எல்லாத்துக்கும் தனி பக்கம். எந்த வாரம் அசுவினி வந்துச்சு, எத்தனை நாள் கழிச்சு பொறிவண்டு வந்துச்சு, அதுக்குள்ள வேப்பங்கரைசல் அடிக்காம எத்தனை நாள் பொறுத்தாங்கன்னு. ஓரத்துல நாலு செடியில அசுவினியை அப்படியே விட்டிருந்தாங்க, "சாப்பாடு இல்லாம அதுங்க எப்படி இங்க இருக்கும்"னாங்க.

உலக அளவுல இயற்கை விவசாய இயக்கங்களைச் சேர்த்த ஐஃபோம் 1972ல தொடங்கினது, 2005ல ஆரோக்கியம், சூழலியல், நியாயம், அக்கறைன்னு நாலு கொள்கை வச்சாங்க. சூழலியல் ரெண்டாவது இடத்துல இருக்கு. ஆனா கொள்கையில இருக்கிறது வயலுக்கு வர்றப்போ ஒரு டிக் ஆயிடுது, நாங்க தேடுறது என்ன இல்லைங்கிறதைத்தான், மருந்து இல்ல, எச்சம் இல்ல, கலப்படம் இல்ல. என்ன இருக்குன்னு எழுத இடமே இல்ல. விவசாயிங்களே ஒருத்தர் வயலை ஒருத்தர் போய் பாக்கிற பங்கேற்பு முறையில இந்தப் பேச்சு தானா வந்துடுது, வரப்புல நின்னு அரைமணி நேரம் பூச்சியைப் பத்தியே பேசுவாங்க, ஆனா ஏற்றுமதிக்கு அந்த சான்று செல்லாது, வெளி ஆள் வந்துதான் ஆகணும். அந்த வெளி ஆள் நான்தான்னும்போது, நான் கண்ணைத் திறந்து பாக்கிறது என் பொறுப்பு இல்லையா.

இப்பல்லாம் நாளைக்கு ரெண்டு வயலுக்கு மேல ஒத்துக்கிறதில்ல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய், முதல்ல வேலியோரம் நடந்து, இலையைத் திருப்பிப் பாத்துட்டுதான் ஃபைலைத் திறக்கிறேன். அந்த அம்மாவோட நோட்டுல இருந்து நாலு பக்கத்தை போட்டோ எடுத்து ரிப்போர்ட்டோட இணைச்சேன், ஆபீஸ்ல இது எதுக்குன்னு கேட்டு திருப்பி அனுப்பினாங்க, காரணம் எழுதி மறுபடி அனுப்பிட்டேன். அந்த அம்மாவோட விவசாயிங்க குழுவுல இருக்கிறவங்களும் நோட்டுல பூச்சிப் பக்கம் எழுத ஆரம்பிச்சிருக்காங்க.

கிழக்குப் பட்டைக்கு மாற்று காலம் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அடுத்த மாதிரி எடுக்க நான்தான் போறேன், அதே ஓரத்துல, அதே வரிசையில.