20 சுர கை ஆர்கன்: விலை எங்கே ஏறுகிறது

கடலூர் முதுநகர் ஷெட்டில் செய்துவரும் கை ஆர்கனுக்கு (கைப்பிடியைச் சுற்றினால், துளையிட்ட பேப்பர் ரோலின்படி குழல்கள் ஒலிக்கும் கருவி) குழலும் துருத்தியும் முடிந்தன. ரோல் படிக்கும் பகுதி பாக்கி. ஐரோப்பாவில் இதே 20 சுர ஆர்கனுக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள். காரணம் மரத்தை அறுக்கும்போது புரிகிறது.

விலை விசாரிக்கும்போது சுரக் கணக்கோடு குழல் கணக்கையும் கேளுங்கள். 20 சுரத்துக்கு 20 குழலும் போடலாம், மேல் சுரங்களுக்கு ஜோடி சேர்த்து 31-ம் போடலாம். ஓடுவது அதே 110 மி.மீ. ரோல்தான். வேலை ஒன்றரை மடங்கு, துருத்தியும் பெரிது.

மரச்செலவு சொற்பம், நேரத்தைத் தின்பது குழலின் வாய், அதாவது ஒலி பிறக்கும் வெட்டு. காற்று வரும் இடுக்கு அரை மி.மீ. சுமாருக்கு இருக்க வேண்டும். மூடிய குழலில் (மேல் முனையைத் தக்கையால் அடைத்தது) வாயின் உயரத்தை முதலில் அகலத்தில் கால் பங்குக்கு வெட்டி, ஊதிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு வரை மேல் உதட்டைச் சீவிச் சீவி ஏற்ற வேண்டும். உயரம் போதாவிட்டால் குழல் தன் சுரத்தை விட்டு மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவும். கூடிவிட்டால் புஸ்ஸென்று காற்றுதான்; சீவிய மரம் திரும்பாது, முன்பலகையையே மாற்ற வேண்டும். 31 குழலையும் ஒரே குரலில் பேசவைப்பவர் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான்.

காற்றழுத்தம் பார்க்க, கொத்தனார் மட்டம் பிடிக்கும் டியூப் போதும். வளைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு முனையைக் காற்றுப்பெட்டியில் செருகினால், இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 10 முதல் 15 செ.மீ. வரலாம். கைப்பிடி சுற்றும்போது அது துள்ளினால் துருத்தியில் கசிவு, அல்லது காற்றைச் சீராகத் தேக்கிவைக்கும் சேமிப்புத் துருத்தி சிறிது.

துருத்தித் தோலை வஜ்ஜிரத்தால் (விலங்குத் தோலில் காய்ச்சிய பசை) ஒட்டினால் பிறகு ஈரத்துணி வைத்து உரிக்கலாம். வெள்ளைப் பசையில் ஒட்டியதைப் பிரித்தால் மரமும் பிய்ந்து வரும். மலிவு ஆர்கனில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நம்மூர் வெயிலுக்கு ஒரு கணக்கு: 20 டிகிரியில் சுருதி சேர்த்தது 35 டிகிரியில் கிட்டத்தட்ட அரை செமிடோன் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் பாதி) ஏறிவிடும். குழல்கள் சேர்ந்தே ஏறுவதால் தனியாக வாசித்தால் தெரியாது, ஆர்மோனியத்தோடு ஒட்டாது. குழலைச் சற்று நீளமாக வெட்டி வைத்தால், வெயிலில் தக்கையை வெளியே இழுத்துச் சரிசெய்யலாம்.

ஐப்பசி மழையில் பேப்பர் ரோல் அகலவாக்கில் உப்பி, ஓரத் துளைகள் விலகினால் பக்கத்துச் சுரம் முனகும். அடுத்து பாலியெஸ்டர் தாளில் துளையிட்டுப் பார்க்க வேண்டும்.