பெயரை எடுத்துவிட்டால்

அமெரிக்காவில் ‘ஜோடியாக்’ என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டு கொலைகள் செய்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் சார் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில், இவர்தான் கொலைகாரன் என்று ஒரு பெயரைப் போட்டிருந்தார். அந்தப் பெயரை நான்தான் அடித்தேன். இன்றைக்குக் கொடுத்தாலும் அடிப்பேன். ஆனாலும் அன்று அவர் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னேனா என்ற உறுத்தல் போகவில்லை.

“பெயரை எடுத்துட்டா அதுல என்ன தம்பி மிச்சம்?” என்றார்.

நிறையவே இருந்தது. 1968 டிசம்பரிலிருந்து 1969 அக்டோபர் வரை வடக்கு கலிஃபோர்னியாவில் 5 பேர் கொல்லப்பட்டதை, 2 பேர் தப்பிப் பிழைத்ததை, கொலைகாரன் பத்திரிகைகளுக்குப் போட்ட கடிதங்களை, அவற்றோடு 408 குறிகளிலும் 340 குறிகளிலும் அனுப்பிய ரகசியச் செய்திகளை எல்லாம் அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார். டாக்ஸி டிரைவர் கொலையான இரவில், தேடப்படும் ஆள் கறுப்பினத்தவர் என்று ரேடியோவில் தவறாகச் சொல்லிவிட்டார்கள். வழியில் பார்த்த வெள்ளைக்காரரைப் போலீஸ் பிடிக்காமல் போய்விட்டது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கே மனசு பதறியது.

பிரச்சினை கடைசிப் பக்கம். 1970 ஏப்ரலில் வந்த கடிதத்தில் ‘என் பெயர்’ என்று எழுதி 13 ரகசியக் குறிகள் போட்டிருந்தான் அல்லவா, அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து ஒருவர் பெயரை உட்கார வைத்திருந்தார். பென்சிலால் எழுதி அழித்து அழித்துத் தாளே மெலிந்துபோயிருந்தது. அந்த மனிதர் மேல் வழக்கே கிடையாது.

“408 குறியை அவிழ்த்தது யாரு, போலீஸா?” என்றார். இல்லை. 1969இல் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும். 340 குறியை 2020இல் அவிழ்த்த மூவரும் போலீஸ் இல்லை. எஃப்பிஐயே அதை உறுதி செய்தது.

340 குறிக்குக் கண்டுபிடித்த விடையை வைத்து முழுச் செய்தியையும் வாசிக்கலாம், யாரும் போட்டுச் சரிபார்க்கலாம், 13 குறிக்கு எத்தனையோ பெயர் பொருந்துமே என்றேன். பல வருஷம் சந்தேகிக்கப்பட்ட ஆர்தர் லீ ஆலன் என்பவரையும் சொன்னேன். போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டது. கைரேகை, கையெழுத்து எதுவும் ஒத்துவரவில்லை. 1992இல் இறந்தார். 2002இல், கடித ஸ்டாம்ப்பில் இருந்த எச்சிலிலிருந்து எடுத்த டிஎன்ஏவும் பொருந்தவில்லை. இன்னும் அவர் பெயரை யாரும் விடவில்லை.

“ஸ்டாம்ப்பை வேற யாராவது நக்கி ஒட்டியிருக்கலாமே?”

இருக்கலாம். அப்படி ஒரு சந்து எப்போதும் இருக்கிறது, அதில்தான் சார் குடியிருக்கிறார்.

“அப்போ நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?” என்றார் அப்புறம். அமெரிக்கப் போலீஸுக்கு மெயில் மேல் மெயில் போட்டும் பதில் இல்லை. அச்சில் வந்தால்தான் யாராவது சோதித்துப் பார்ப்பார்கள் என்கிறார். நியாயம்தான். 408 பத்திரிகையில் வந்ததால்தானே அந்த ஆசிரியர் கண்ணில் பட்டது. ஆனால் அன்று அச்சானது ஒரு புதிர். இவர் போடச் சொல்வது ஒருவருடைய பெயர். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சில நாள், எல்லோரும் என்னைப் போலவே ஒதுங்கிக்கொண்டால் இது எப்போது முடியும் என்றும் தோன்றுகிறது.

பெயர் இல்லாமல் போட அவர் சம்மதிக்கவில்லை, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி கேட்டுப் பார்த்தேன். “பெயரோட போடுறதா இருந்தா சொல்லுங்க தம்பி” என்கிறார். நான் சொல்லவில்லை.