மிச்சம் இரண்டு படை

ஜூன் 3

டிப்ளமசி ஆட்டத்தில் இலையுதிர் 1904 சுற்றின் முடிவு வந்தது. வியன்னாவும் போய்விட்டது.

ஐரோப்பிய வரைபடத்தின் மேல் ஆடும் பலகை ஆட்டம் இது. ஆளுக்கொரு நாடு, கடிதத்தில் பேரம் பேசிவிட்டுப் படைகளுக்கு உத்தரவு எழுதி அனுப்புவோம். ஆஸ்திரியா என் நாடு. ட்ரியெஸ்தேவை இத்தாலியும் புடாபெஸ்ட்டை ரஷ்யாவும் முன்பே பிடித்துவிட்டார்கள். மிச்சம் செர்பியாவும் கிரீஸும், ஒவ்வொன்றிலும் ஒரு படை. சொந்த நகரம் ஒன்றையாவது மீட்காமல் புதுப் படை கட்ட முடியாது. இனி நான் வெல்லப்போவதில்லை.

ட்ரியெஸ்தே பக்கம் வரமாட்டேன் என்று இத்தாலி எழுதியே கொடுத்திருந்தார். 1959இல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் பகடை கிடையாது, கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. நம்பவைத்துக் கழுத்தறுப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். கோபம் வரத்தான் செய்தது, ஆனால் அது ஆடும் மனிதர் மேல் திரும்பக் கூடாது. "சரியான நேரம் பார்த்து அடித்தீர்கள்" என்று அவருக்கு எழுதினேன். மனதாரத்தான்.

ஜூன் 7

1905 கழிந்தது. என்னை யாரும் தொடவில்லை.

ஜூன் 11

1906 முடிவில் ரஷ்யாவிடம் 14 மையங்கள், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு படை வைத்துக்கொள்ளத் தரும் இடங்கள். மொத்தம் 34 மையங்கள், 18 பிடித்தால் வெற்றி. மேற்கே பிரான்ஸும் இங்கிலாந்தும் அடைத்துக்கொண்டு நிற்பதால் மீதி நான்கை அவர் தெற்கில்தான் எடுக்க வேண்டும். துருக்கியிடம் மிஞ்சிய ஸ்மிர்னா, என் செர்பியா, கிரீஸ், அப்புறம் ட்ரியெஸ்தே. சரியாக நான்கு!

துருக்கி விலகப்போகிறாராம். ஒரே ஒரு படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார். நீண்ட கடிதம் எழுதினேன். உத்தரவு வராத நாட்டின் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றுக்கொன்று ஆதரவு தராது, அதாவது பக்கத்துப் படைக்குப் பலம் கூட்டாது, தள்ளப்பட்டால் கலைந்துவிடும். அவர் எழுந்து போனால் ஸ்மிர்னா ரஷ்யாவுக்கு இனாம். இத்தனை வாரம் கூட ஆடியவர்களின் உழைப்பை ஒருவருடைய சலிப்பு தீர்மானிப்பது நியாயமே இல்லை. தோற்கிறவர் கடைசி வரை உத்தரவு அனுப்புவதை நான் பெருந்தன்மை என்று நினைக்கவில்லை, அது மற்றவர்களுக்குப் பட்ட கடன்.

இரவு பதில் வந்தது. இருக்கிறாராம்.

ஜூன் 12

ரஷ்யாவிடமிருந்து கடிதம். இத்தாலி செய்ததை மறந்துவிட்டீர்களா, செர்பியாவை எனக்கு விடுங்கள், அவரைச் சேர்ந்து முடிப்போம் என்கிறார். கேட்பது அவர் உரிமை. வியன்னாவைத் திருப்பித் தருகிறேன் என்றிருந்தால் உட்கார்ந்து யோசித்திருப்பேன். பழி தீர்க்க மட்டும் ஒருவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தால், பிழைத்திருக்கும் எல்லோருக்கும் அதில் சம பங்கு உண்டு. எனக்கு எட்டக்கூடிய முடிவு அது ஒன்றுதான். அதற்கு இத்தாலி நின்றாக வேண்டும்.

இத்தாலிக்கு எழுதியது: "ரஷ்யாவின் புடாபெஸ்ட் படை வியன்னாவின் ஆதரவோடு ட்ரியெஸ்தேவை அடிக்கும். செர்பியாவிலிருந்து உங்களுக்கு ஆதரவு தருகிறேன். ரஷ்யா ருமேனியாவிலிருந்து என்னைத் தாக்கி அந்த ஆதரவை அறுக்கப் பார்ப்பார். அதனால் டிரோல் படையை வியன்னா மேல் ஏவுங்கள். வியன்னா விழாது, ஆனால் அங்கிருந்து போகும் ஆதரவு அறுந்துவிடும்."

ஜூன் 13

நினைத்தபடியே வந்தது. என் ஆதரவும் அறுந்தது, வியன்னாவின் ஆதரவும் அறுந்தது. பலம் ஒன்றுக்கு ஒன்று, அதனால் ட்ரியெஸ்தே அசையவில்லை. ஸ்மிர்னாவும் நிற்கிறது, துருக்கி நேரத்துக்கு உத்தரவு போட்டிருந்தார். எனக்கு இதில் ஒரு மையம்கூடக் கூடவில்லை. ஆனாலும் முன்னணியில் இருந்தபோது ஒரு நகர்வை இவ்வளவு ஊன்றி யோசித்ததாக நினைவில்லை.

ஜூன் 15

இந்த முறை ருமேனியாவும் புடாபெஸ்ட்டும் சேர்ந்து வந்ததில் செர்பியா விழுந்தது. ரஷ்யா 15. ஒரு மையத்துக்கு ஒரு படைதான், ஆகவே அல்பேனியாவுக்குப் பின்வாங்கியதைக் கலைத்துவிட்டேன். சமனுக்கு வாக்கெடுப்பு வைத்தோம். ரஷ்யா மட்டும் மறுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

இளவேனில் 1908க்கு உத்தரவு போட்டாயிற்று. கிரீஸ் நிற்கும், அயோனியக் கடலிலிருந்து இத்தாலியக் கப்பற்படை ஆதரவு தரும். செர்பியாவும் பல்கேரியாவும் சேர்ந்து வந்தாலும் இரண்டுக்கு இரண்டு. அந்தக் கப்பலை அடிக்க ரஷ்யாவுக்கு அங்கே கப்பல் இல்லை.