வகுப்பு கொடுக்காத பள்ளி

தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலத்தில், இரிங்கா பக்கம், கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஓராண்டு தன்னார்வலராக இருந்தேன். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு கிளம்பிப் போனது. சம்பளம் கிடையாது. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் ஷில்லிங், அவ்வளவுதான். விமான டிக்கெட்டில் பாதியை எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். வழியனுப்பு பூசையில் "ஆப்பிரிக்காவுக்குக் கற்பிக்கப் போகும் நம் மகள்" என்று சாமியார் அறிவித்தார். போய்ச் சேர்ந்ததும் தலைமை சிஸ்டர் என்னிடம் சொன்ன முதல் விஷயம், "உனக்குத் தனியாக வகுப்பு எதுவும் தரப்போவதில்லை" என்பதுதான்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி பேசிக்கொண்டே போனார். அந்த நாட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். அரசு அறிவிக்கும் இடங்களைப் போல் பல மடங்கு விண்ணப்பம் குவிகிறது. "சம்பளமில்லாமல் ஒரு ஆள் கிடைத்தாள் என்று ஒரு ஆசிரியையின் நாற்காலியில் உன்னை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் சேவையா?" என்று கேட்டார். எனக்கு ஒதுக்கிய வேலைகள் இவை: கணக்கு மேடத்துக்கு உதவி, நூலகம், காய்ச்சல்காரப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, இரவுப் படிப்பு நேரத்துக்குக் காவல். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் அப்போது மிகச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த ஆண்டு முழுவதும் அதுதான் என் வேலை என்றாகிவிட்டது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தார் எஸ் சலாமிலிருந்து இரிங்காவுக்குச் சுமார் 500 கிலோமீட்டர். நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவின் ஊடாகவே போவதால் பேருந்து ஜன்னலில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தெரியும். பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்க்காமல் தூங்குவார். பிறகு பருத்த பாவோபாப் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு, அதன்பின் கிடோங்கா மலைப்பாதை, மேலே ஏறியதும் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சுடிதாராக மூட்டை கட்டியிருந்தேன். ஜூன், ஜூலையில் அங்கே பிள்ளைகள் ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறார்கள்.

இந்தியர் என்றால் கடைக்காரர் என்பது அங்குள்ள வழக்கமான எண்ணம். கடற்கரை நகரங்களில் குஜராத்தி வணிகர்கள் பல தலைமுறையாக இருப்பதால் வந்தது. "உங்கள் அப்பாவுக்கு எந்த ஊரில் கடை?" என்று ஃபார்ம் ஒன், அதாவது உயர்நிலைப் பள்ளி முதல் ஆண்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். கடையில்லை, அப்பா தபால்காரர் என்றால் நம்பமாட்டார்கள். அதைவிட ஆச்சரியம் நான் ஜெபமாலையோடு கோயிலுக்கு வந்தது. இந்தியாவில் கிறிஸ்தவர்களா? தூய சவேரியார் கதையை அவர்களுக்குச் சொன்னேன். 1541-ல் லிஸ்பனிலிருந்து கிளம்பியவர், குளிர்காலத்தை மொசாம்பிக்கில் கழித்து, மலிந்தியில் தங்கி, 1542 மே மாதம் கோவா வந்து, அதே ஆண்டு எங்கள் முத்துக்குளித்துறைக்குப் போனார். "அப்படியானால் முதலில் எங்களிடம்தான் வந்தார்" என்றாள் ஒருத்தி. மலிந்தி கென்யாவில் இருக்கிறது என்று இன்னொருத்தி திருத்தினாள். நான் குறுக்கே போகவில்லை.

இனி இரவுப் படிப்புக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள அந்த நாட்டின் பள்ளி முறை தெரிய வேண்டும். 1967-லிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளில் பாடமொழி கிஸ்வாஹிலி. ஏழு வருடம் அதில் படித்து, தேர்வெழுதி, ஃபார்ம் ஒன்னுக்குள் காலெடுத்து வைத்ததும் கிஸ்வாஹிலி ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. கணக்கு, உயிரியல், புவியியல், வரலாறு எல்லாம் ஆங்கிலம். ஆரம்பத்தில் சில வாரம் ஆங்கிலப் பயிற்சி உண்டு. அது எம்மாத்திரம்? இரண்டாம் ஆண்டு நவம்பரில் தேசிய அளவில் ஒரு தேர்வு, நான்காம் ஆண்டு நவம்பரில் இன்னொன்று. இரண்டாவதில் எந்த டிவிஷன், அதாவது எந்தத் தரம், என்பதைப் பொறுத்துத்தான் அதற்குமேல் படிப்பு.

ஆரம்பப் பள்ளியில் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்ன பிள்ளைகள் இவர்கள். இங்கே வந்ததும் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். விளங்காமல் இல்லை. விளங்கவில்லை என்று சொல்வதற்கே ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் எழுதியதை அப்படியே, கோடு பிசகாமல், அழகான கையெழுத்தில் பிரதி எடுக்கிறார்கள். ஒரு நாள் ஒரு பிள்ளையின் உயிரியல் நோட்டைப் புரட்டினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரி முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நோட்டை நன்றாகவே தெரியும். பங்கில் என்னைத் தேர்ந்தெடுத்தபோது "ஆங்கிலம் தெரிந்த பெண்" என்பதைத் தகுதியாகச் சொன்னார்கள். அங்கே நான் உதவியதெல்லாம் ஆங்கிலம் தெரியாமல் தவித்த பழைய அனுபவத்தை வைத்துத்தான். இதை யாரும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கவில்லை.

பகலில் பள்ளி வளாகத்தில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. இரவுப் படிப்பில் அது கொஞ்சம் தளரும். ஒரு நாள் ஃபார்ம் டூ அறையில் வடிவொத்த முக்கோணங்கள் வீட்டுப்பாடம். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி, பின்சுவரில் இருந்த உடைந்த பலகையில் சாக்பீஸால் இரண்டு முக்கோணம் போட்டு, தோழிகளுக்குக் கிஸ்வாஹிலியில் விளக்கிக்கொண்டிருந்தாள். விரலால் ஒரு பக்கத்தைத் தடவி, மற்றதில் அதே பக்கத்தைத் தட்டி, "இது இதற்கு, அது அதற்கு" என்கிற பாவனையில். ஒருத்தி ஏதோ மறுத்தாள். இவள் உடனே அழித்துவிட்டு முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினாள். எனக்கு அப்போது பாதிப் பேச்சு புரியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அவள் சொன்னதில் ஓர் இடத்திலும் தவறில்லை. விதிப்படி நான் அவளை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "இப்போது எல்லோரும் சேர்ந்து இதையே ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். ஆளுக்கு ஒரு துண்டாக, அடித்துத் திருத்தி, சிரித்து, அரை மணி நேரத்தில் ஒரு பத்தி தேறியது. அந்தப் பத்தியை யாரும் பிரதி எடுக்கவில்லை, அவர்களே கட்டியது.

மறுநாள் கணக்கு மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் இருபது வருடம் பாடம் நடத்தியவர், பேச்சைவிட வேலை அதிகம். "பத்து மணி தேநீர் இடைவேளையில் கொடிக்கம்பத்துக்கு வரச் சொல்" என்றார். வந்ததும் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தினார். நிழல் 20 செ.மீ. கொடிக்கம்பத்தின் நிழலைப் பிள்ளைகள் அளந்தார்கள், 4 மீட்டர். "கம்பம் எவ்வளவு உயரம்?" கிஸ்வாஹிலியிலேயே கேட்டார், பட்டப்பகலில், வளாகத்தின் நடுவில். ஆறு என்று கத்தினார்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதி வாங்கினார். அதிலிருந்து எங்களுக்குள் எழுதாத ஓர் ஒப்பந்தம்: அன்றைய பாடத்தில் எது உறைக்கவில்லையோ அதை அவர் ஒரு சீட்டில் எழுதித் தருவார். இரவில் பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியில் ஒருவருக்கொருவர் பேசித் தீர்ப்பார்கள். அப்புறம் என்னிடம் ஆங்கிலத்தில் ஒப்பிப்பார்கள். நான் கற்பித்தது அதில் சொற்பம். ஆங்கிலம் அரைகுறையாகப் பேசினால் சிரிக்காத ஓர் ஆள் அறையில் இருந்தாள், அதுதான் என் பங்கு.

விதியை மீறியதில் எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்காகத்தான் பெற்றோர் மாட்டை விற்றும் கட்டணம் கட்டுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் காட்டமாகவே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான்காம் ஆண்டுத் தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருக்கும்வரை இந்த வாதம் தீராது.

ஜெப வாழ்க்கை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கன்னியர் இல்லத்தில் அதிகாலை ஐந்தரைக்குக் கோயில். பல நாள் திருப்பாடல் பாதியில் கண் சொருகிவிடும். பக்கத்தில் இருந்த வயதான சிஸ்டர் முழங்கையால் இடித்து எழுப்புவார். பிள்ளைகளின் முகத்தில் கடவுளைக் காண்பாய் என்று பயிற்சி முகாமில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தார்கள். சோப்பைத் திருடினார்கள், வயிற்றுவலி என்று பொய் சொன்னார்கள், இரவில் போர்வைக்குள் டார்ச் வைத்துக் கடிதம் எழுதினார்கள். ஆனால் பிப்ரவரி 8, தூய பக்கித்தா திருநாளன்று ஒன்று நடந்தது. சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, இத்தாலியில் கன்னியராகி, 2000-ல் புனிதரானவர். மறையுரைக்குப் பிறகு பிள்ளைகள் மேளம் கட்டிப் பாடியபோது, பாட்டு நிற்கவே இல்லை. காலைச் சாப்பாட்டு மணி அடித்தும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை அவர்கள் தங்கள் அக்கா என்றே எடுத்துக்கொண்டார்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, இதைச் சிஸ்டரும் உறுதிப்படுத்துவார்.

பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். நாங்கள் கோயிலில் இருக்கும் நேரம் அவர்களுக்கென ஒரு வகுப்பறை. ரமலானில் நோன்பு திறக்க அவர்களுக்குத் தனியாக உஜிக் கஞ்சி காய்ச்சி வைப்பார் சமையல்கார அம்மா. சர்க்கரை தாராளம் என்பதால் நோன்பிருக்காத பிள்ளைகளும் தம்ளரோடு சுற்றிவருவார்கள்.

ஃபார்ம் த்ரீயில் மற்றவர்களைவிட வயது கூடிய ஒரு மாணவி இருந்தாள். அவளுக்கு ஊரில் ஒரு குழந்தை, பாட்டி வளர்க்கிறாள். கருவுற்ற மாணவிகள் திரும்பப் பள்ளிக்கு வரக் கூடாது என்று 2017-ல் அன்றைய அதிபர் மகுஃபுலி வெளிப்படையாகவே பேசினார். அதற்கு முன்பும் வெளியேற்றுவதுதான் வழக்கம். அவர் மறைவுக்குப் பிறகு, 2021 நவம்பரில், அவர்கள் திரும்பச் சேரலாம் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு அவளைப் போன்றவர்களுக்குத்தான். பள்ளியில் யாரும் அவள் கதையைப் பேசுவதில்லை. விடுதியைக் கவனிக்கும் மேட்ரன் மட்டும், "அவள் விளக்கை அணைக்கச் சொல்லாதே, அவளுக்கு இழந்த வருடங்கள் இருக்கின்றன" என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் போன பிறகும் அவளோடு நான் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் பேசமாட்டோம். எப்போதாவது லாகரிதம் அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு மகனின் போட்டோவைக் காட்டுவாள்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளைப் படம் எடுக்கப் பள்ளியில் அனுமதியில்லை. திரும்பி வந்ததும் பங்கில் ஸ்லைடு போடச் சொன்னார்கள். கொடிக்கம்பமும் மலைப்பாதையும் காட்டினேன். கூட்டத்துக்கு ஏமாற்றம். அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிற்கும் படத்தை எதிர்பார்த்திருப்பார்கள். "எத்தனை பேரை மனந்திருப்பினாய்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஒருத்தரையும் இல்லை தாத்தா, பாதிப் பேர் என்னைவிட நன்றாக ஜெபிக்கிறார்கள்" என்றேன். சாமியார் சிரித்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்கும் இப்படிப் போக ஆசையாம். "அனுப்பலாமாம்மா?" என்றார். தாராளமாக அனுப்பலாம் என்றேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: கிளம்புவதற்கு முன்பே கிஸ்வாஹிலி படிக்க ஆரம்பித்துவிடு. தன்னார்வலருக்கு சி வகை வசிப்பு அனுமதி எடுக்க வேண்டும், அதைப் பள்ளி மூலம் முன்கூட்டியே தொடங்கு. மலேரியா பற்றி டாக்டரிடம் பேசு, கொசுவலைக்குள்தான் தூங்கு. தடிமனாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பெரியவர்களைக் கண்டால் முதலில் நீ "ஷிகமோ" என்று வணக்கம் சொல், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதே. அங்கே மணிக்கணக்கு விடியலிலிருந்து ஆரம்பிக்கும், காலை எட்டை இரண்டு என்பார்கள், யாராவது நேரம் சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொள். போனதும் உனக்கு வகுப்பு தந்தால், அந்த வகுப்பு இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று கேள்.

"யாரிடம் கேட்பது அக்கா, சிஸ்டரிடமா?" என்றாள்.

மேட்ரனிடம் கேள் என்றேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.