காலைச் சர்க்கரையும் இரவு ஊசியும்

ஏழாம் மாதத் தொடக்கத்தில் பார்த்த குளுக்கோஸ் டெஸ்டில் எனக்கு 168 வந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாதம் எனக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் தடவை கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி வளர வளர அதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும்.

அம்மா வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அங்கே போனதும் குளுக்கோமீட்டர் வாங்கிக்கொண்டோம். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்பது டாக்டரம்மா கொடுத்த எல்லை. சாப்பாட்டில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது கேழ்வரகுக் கூழ். சர்க்கரைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கோ இட்லியைவிட அதிகமாக ஏற்றியது. மாவாக அரைத்துக் கரைத்துக் குடிப்பதால் சீக்கிரம் ரத்தத்தில் சேர்கிறது. இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றினேன், அடங்கியது. மதியம் சோற்றைக் குறைத்துக் கீரையும் மத்தி மீன் குழம்பும் கூட்டினோம். முதுநகர்ப் பக்கம் மீனுக்கா பஞ்சம்? சாயங்காலம் சில்வர் பீச்சில் மெதுவாக ஒரு நடை.

பண்ருட்டி பலாப்பழ சீசன் வேறு. உரித்த கையோடு விரலைக் குத்தினால் கையில் ஒட்டிய இனிப்பே அளவைத் தப்பாகக் கூட்டிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு.

சாப்பாட்டுக்குப் பின் எடுத்த அளவெல்லாம் வழிக்கு வந்தது. காலை வெறும் வயிற்று அளவு மட்டும் அசையவே இல்லை. 102, 106, 104. ராத்திரி சப்பாத்தியா தோசையா என்று மாற்றிப் பார்த்தோம், சீக்கிரம் சாப்பிட்டுப் பார்த்தோம். தூங்கும்போது ஈரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடுகிறது, அதை அடக்க உங்கள் உடம்பில் இருக்கும் இன்சுலின் போதவில்லை, இதற்கும் நீங்கள் சாப்பிடுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். படுக்கும் முன் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

அம்மா அழுதே விட்டார். "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிக்காதுடி. குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" பக்கத்து வீட்டு அத்தை, மாமியார் எல்லோருக்கும் இதே பயம். நான் இதை எழுதுவதே இந்தப் பயத்துக்காகத்தான். போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. தாண்டிப் போவது சர்க்கரைதான். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும், குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென இறங்கும். ஊசி போடுவது குழந்தையை இதிலிருந்து காப்பாற்ற. டாக்டரம்மாவே அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்ன பிறகு, ஊசியை ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைக்கும் பொறுப்பை அம்மாவே எடுத்துக்கொண்டார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில் காலை அளவு 90-க்கு வந்தது.

வளைகாப்பில் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டு வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், யார் மனமும் நோகவில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் தாழ்சர்க்கரையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எனக்கு ஒரு ராத்திரி வந்தது. தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருந்ததால் சமாளித்தோம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ காத்திருக்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

கடைசி மாதத்தில் ஸ்கேன், குழந்தையின் இதயத்துடிப்புப் பரிசோதனை என்று அலைச்சல் அதிகம். தேதி தாண்டக் காத்திராமல் வலி வர வைத்தார்கள். சுகப்பிரசவம், பெண் குழந்தை, 3.1 கிலோ. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைத்தார்கள். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது எனக்குத்தான் கண் கலங்கியது. அளவு சரியாக இருந்தது. எனக்கு இன்சுலினை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

இதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி செய்ய வேண்டும், இந்தத் தடவை வெறும் வயிற்றில். குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே இதையும் வைத்துக்கொண்டால் தள்ளிப்போகாது. எனக்கு 124 வந்தது, 140-க்குள் என்பதால் சரியான அளவுதான். ஆனாலும் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நமக்கு அதிகம் என்பதால் வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரசவ லேகியத்தில் அம்மா வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தே கிண்டினார்.